கேமராவுக்குப் பின்னால் என் முகம்

செந்தில், நீ போனை வைத்த பிறகு நான் மறுபடியும் அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காத போனில் பேச எனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. நிறுத்தியவர் உன் தாத்தா. அதையும் நான் மறக்கவில்லை, ஆனால் இன்றைக்கு அவர் விஷயம் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகள் நிவேதா கைலாசபுரத்துக்கு, உன் குவார்ட்டர்ஸுக்கு வருவாள். உன்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்கு நீ தயாராக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். ஒரு கேள்விக்கு எப்படித் தயாராவது என்பதை உன் மகள் என் வீட்டில் உட்கார்ந்து செய்து பார்த்தாள். கூடவே உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அது இப்போது ஓரளவு தெரியும்.

அன்றைக்கு போனில் நீ கத்தினது அப்படியே காதில் நிற்கிறது. "ரெண்டு நிமிஷம் முகத்தைச் சும்மா வச்சிக்க முடியலையாம்மா உன்னால? எம் பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியே. வசந்தியையும் இப்படித்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டாய். செத்துப்போன உன் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை முழுங்கிவிட்டுப் போனை வைத்தாய். மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக நீ அதை ஊரெல்லாம் முடித்துத்தான் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும்தான் பாதியில் விடுகிறாய்.

நடந்ததை நீ யாரிடமும் முழுதாகக் கேட்கவில்லை. கேட்டுக்கொள். நிவி அந்த வேலைக்கு மனுப்போட்டதும் உனக்குத்தான் முதலில் சொன்னாள். வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் இன்னொரு கம்பெனியை வாங்கும்போதும் விற்கும்போதும் பக்கத்தில் நின்று விலை சொல்லுகிற பேங்க் வேலை, நம் ஊரில் நகை அடகு வைக்கிற பேங்க் இல்லை என்று எனக்கு விளக்கினாள். முதல் இன்டர்வியூவில் எதிரில் ஆளே கிடையாதாம். கம்ப்யூட்டரில் கேள்வி எழுத்தாக வரும். யோசிக்க அரை நிமிஷம். பிறகு சிவப்புப் புள்ளி எரியும், ரெண்டு நிமிஷத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். பேசியது பேசியதுதான், திரும்ப எடுக்க முடியாது. யாரோ பிறகு பார்ப்பார்கள், பார்க்காமலும் போகலாம். "ஆளில்லாத இடத்தில பேசுறதுக்கு எதுக்குடி கோட்டு?" என்று கேட்டேன். "அப்பாயி, மேல மட்டும்தான் கோட்டு. கீழ நைட் பேண்ட்டுதான்" என்று எழுந்து நின்று காட்டினாள். அன்றைக்குச் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

ஸ்ரீரங்கத்தில் என் பின்கட்டை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுவர். உன் வீட்டுச் சுவரெல்லாம் காலண்டரும் வசந்தி படமும். என் சுவரில் உன் அப்பாவுடைய படம் ஒன்றுதான், அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு அவருடைய வெள்ளை வேட்டியையே ஆணியில் கட்டி இழுத்துவிட்டாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் பலகை போட்டு, லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு ஏற்றினாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. ஃபேன் ஓடக் கூடாது. அவள் பயிற்சி எடுக்கிற நேரத்தில் நான் குக்கர் வைக்கக் கூடாது. தண்ணீர் கேன்காரனிடம் போய், ஹாரன் அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். "என்ன பாட்டி, வீட்ல கொழந்த தூங்குதா?" என்றான். "ஆமா, இருபத்திமூணு வயசுக் கொழந்த" என்றேன்.

பெங்களூரில் ஒரு பையன் திரையிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். நீ காசு கட்டின பையன்தான். குறை சொல்ல மாட்டேன், வேலை தெரிந்தவன். அவன் கண்ட குறை ஒன்றே ஒன்று. நிவியின் கண் செத்துக் கிடக்கிறது என்றான். கேமராப் பொட்டைப் பார்த்துப் பேசினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, அதற்குப் பின்னால் உனக்குப் பிடித்த ஒரு முகத்தை வைத்துக்கொள் என்றான். சிலர் போட்டோ ஒட்டிக்கொள்வார்களாம். அவள் என்னை உட்காரவைத்தாள். லேப்டாப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கேமராவுக்கு நேர் மேலே என் முகம் வருகிற மாதிரி தலையணை வைத்து உயர்த்தி, "அப்பாயி, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். என்னப் பாத்துக்கிட்டு அப்பப்ப தலைய ஆட்டுங்க. முகத்த மாத்தாதீங்க, அவ்ளோதான்" என்றாள். இங்கிலீஷ் தெரியாத முகம் என்பதால் இன்னும் வசதி. நான் சரி தப்பு சொல்ல மாட்டேன் இல்லையா.

அப்படித்தான் தினமும் காலையும் மாலையும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில். அதில் ஒரு பதிலை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், ஏனென்றால் அது எந்த பேங்க்காக இருந்தாலும் கேட்கிற கேள்வியாம். உன் வாழ்க்கையில் வந்த பெரிய கஷ்டம் எது, அதில் என்ன கற்றாய். அந்தப் பதிலில் 'மை மதர்' வரும். உடனே 'மை கிராண்ட்மதர்' வரும். மதர் என்றால் அம்மா என்பதும் கிராண்ட்மதர் என்றால் நான் என்பதும் எனக்குத் தெரியாதா? கடைசி வாக்கியத்தில் அவள் உதட்டை விரித்துச் சிரிப்பாள். பெங்களூர்ப் பையன் உள்ளேயிருந்து "ஸ்மைல், ஸ்மைல்" என்பான். அம்மாவைப் பற்றிப் பேசி முடிக்கும்போது எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "பாசிட்டிவா முடிக்கணும் அப்பாயி" என்றாள். "என்னப் பத்தி என்னடி சொல்ற?" என்றேன். லேப்டாப்பை மூடினாள். "சும்மா, எங்க வீட்டுல பாட்டியும் இருந்தாங்கன்னு சொல்றேன்" என்றாள். அவள் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். உனக்கும் அப்படித்தான்.

என் தலையில் ஒரு தரம் விழுந்தது வெளியே போகாது என்று உனக்குத் தெரியும், அதற்காகத்தான் நீ என்னோடு பேசவே பயப்படுவாய். அந்த இங்கிலீஷ் பதில் முழுதும் அர்த்தம் தெரியாமலே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மாடியில் குடியிருக்கிற ராஜி டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படியேறிப் போய், சோபாவில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. "யாரு பாட்டிம்மா இத எழுதுனது?" என்றார். "அத விடுங்க டீச்சர், அர்த்தம் சொல்லுங்க" என்றேன். "இன்டர்வியூவுக்கு இப்படித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாங்க, நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்று இழுத்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லுங்க" என்றேன்.

நிவியே பேசுகிற மாதிரி சொன்னார். எனக்குப் பதினேழு வயதாகும்போது, பரீட்சை முடிந்த கையோடு என் அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. படிக்காத என் பாட்டிக்குக் கைவைத்தியத்தில்தான் நம்பிக்கை. கஷாயம் கொடுத்தே முக்கியமான வாரங்களைக் கடத்திவிட்டார். அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் டாக்டர்களின் விவரமெல்லாம் சேர்த்து, வீட்டாரைச் சம்மதிக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் நம்பிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது, விவரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இதில்தான் சிரிப்பு.

என் முகத்தைப் பார்த்து, செந்தில். தினமும் என் முகத்தைப் பார்த்து அவள் அதைச் சொல்லியிருக்கிறாள், நான் தலையை ஆட்டியிருக்கிறேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நம்பினால் நம்பு. அவள் அதை நிஜம் என்று நினைக்கிறாள். அந்தப் பதிலை முதலில் எழுதிக் கொடுத்தது நீ. அப்பா எழுதினதைத்தான் கோச் சரிபண்ணிக் கொடுத்தார் என்று அவளே பிறகு சொன்னாள். ஊருக்குச் சொன்ன கதையை நீ மகளுக்கும் சொன்னாய், மகள் வாயால் அதை வெளிதேசத்துக்காரனுக்கும் சொல்லவைக்கப் பார்த்தாய். அவள் பேசினால் உனக்கும் இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி.

நடந்ததை எழுதுகிறேன். உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை நீ வேறு எதையாவது ஞாபகப்படுத்திக்கொள்ளக் கூடாது. பொங்கல் கழிந்த வாரம். வசந்தி சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. டாக்டரிடம் போய்விட்டு நீங்கள் இரண்டு பேரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். நீ சொன்னாய்: "இப்ப ஆஸ்பத்திரின்னு அலைய ஆரம்பிச்சா நிவி படிப்பு போயிடும். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும். ரெண்டு மாசம்தான." நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பரீட்சைய அவ எழுதட்டும், இவள நான் கூட்டிட்டுப் போறேன்டா" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு" என்றாய். வசந்தியும் உன் பக்கம்தான் பேசினாள். "ஆமாங்க அத்த, அவ முடிக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அவளும் சொன்னாள் என்பதை நான் மறைக்கவில்லை. நியாயமாகத்தான் எழுதுகிறேன்.

அதன் பிறகு என்னிடம் விடப்பட்டது அடுப்பு மட்டும்தான். அவள் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது சுக்கும் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அது நோய்க்கு மருந்தில்லை என்று எனக்குத் தெரியாதா? சூடாக ஏதாவது தொண்டையில் இறங்கினால் அவளுக்குக் கொஞ்ச நேரம் கண் மூடும், அதற்காகக் கொடுத்தேன். பரீட்சை நாட்களில் அவள் சிங்க்கின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றுதான் நிவிக்குச் சாப்பாடு கட்டினாள். டப்பாவை மூடிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். பிறகு உதட்டை விரித்து ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொள்வாள். அதை முகத்தில் வைத்துக்கொண்டுதான் வாசலுக்குப் போவாள். திரும்பி வந்து தரையில் உட்காருவாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, நிவிக்கு மட்டும் இது தெரிய வேணாம். தனக்காகத்தான் அம்மா இருந்துட்டான்னு அவ நெனச்சிரக் கூடாது" என்றாள். சரி என்றேன். அந்தச் சரிக்காகத்தான் ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்குப் பயந்து இல்லை.

பரீட்சை முடிந்து ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் என்ன சொன்னார் என்பதும், ஆடி மாதம் அவளை ஓயாமரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதும் எழுத வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு வாசலில் லால்குடியிலிருந்து வந்த வசந்தியின் அண்ணன் உன் சட்டையைப் பிடித்து, "ஏன் மாப்ள, இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாரே, அதை எழுதியாக வேண்டும். நீ அழுதுகொண்டே, "எங்கம்மாதான் மச்சான், கஷாயம் கஷாயம்னு நாளக் கடத்திட்டாங்க" என்றாய். நான் நாலடி தூரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்தார். பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மனைவி நான் நீட்டின தண்ணீரை வாங்காமல், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுத்த மாதம் உன் குவார்ட்டர்ஸை விட்டு இந்தப் பின்கட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க ஆசை என்று அதற்கும் நீ ஒரு கதை சொன்னாய்.

இது உனக்குப் புதிதுமில்லை. நாம் பாலக்கரையில் இருந்தபோது உன் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய், பூட்டாமல் நிறுத்தித் தொலைத்துவிட்டு வந்தாய். "அம்மாதான் சாவியத் தரல" என்றாய். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரித்துப் போட்ட மனிதர், அதன் பிறகு கடைக்கு நடந்தே போனார். என்னோடு பேசாமல் நடந்தார். சாவி உன் டிராயர் பையில் இருந்தது. துவைக்கும்போது எடுத்தேன், உன்னிடம் நீட்டினேன், நீ வாங்கிக்கொண்டாய். சாமான் இறக்கிவைக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டேன் உனக்கு.

இன்டர்வியூ எடுத்த நாளுக்கு வருகிறேன். டீச்சர் அர்த்தம் சொன்ன பிறகும் நான் நிவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல உட்கார்ந்தேன், வழக்கம்போல அந்தப் பதிலைக் கேட்டேன். என் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத அளவுக்கு வைத்துக்கொள்ள எனக்கு வரும், உன் வீட்டில் பழகினது. இந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், போகிற தேசத்தில் என் பெயர் கெட்டுப் போனால் எனக்கென்ன, அங்கே யார் என் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஃபேனை நிறுத்தினோம். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு என் கையை ஒருதரம் பிடித்தாள். முதல் கேள்வி, இந்த வேலை ஏன். கடகடவென்று சொன்னாள். இரண்டாவது, ஒரு கம்பெனிக்கு எப்படி விலை சொல்வது. கொஞ்சம் தடுக்கினாலும் சொல்லிவிட்டாள். மூன்றாவது கேள்வியைப் படிக்கும்போதே அவள் கண் என்னிடம் வந்துவிட்டது. அந்தக் கேள்விதான்.

ஆரம்பித்தாள். மை மதர். நான் அசையவில்லை. மை கிராண்ட்மதர். தலையை ஆட்டினேன். அப்போது அவள் மனப்பாடத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தாள். முந்தின நாள் அந்தப் பையன், மனசிலிருந்து வருகிற ஒரு சின்ன ஞாபகம் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றானாம். அர்த்தத்தைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'என் கடைசிப் பரீட்சை வரைக்கும் அம்மா ரொம்ப நன்றாகத்தான் இருந்தாள், தினமும் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தாள்.' எனக்கு அந்த நேரத்தில் கேட்டது மூன்று சொல். எக்ஸாம். லன்ச். ஸ்மைல். மூன்றும் எனக்குத் தெரிந்த சொல். சிங்க்கில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றவள் என் முன்னால் வந்து நின்றாள், செந்தில். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. நிவிக்குத்தான் தெரியும். அவள் பேச்சை நிறுத்தினாள்.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. திரையில் நேரம் ஓடுவது அவள் மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது. பேசுடி, பேசுடி என்று நான் கையைக் காட்டினேன். அவள் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நிமிஷமும் முடிந்து அது தானாக அணைந்தது. "அப்பாயி, எக்ஸாம்னு சொன்னதும் ஏன் உங்க முகம் அப்படி ஆச்சு?" என்றாள். வேலை போய்விட்டதே என்று கேட்கவில்லை. இதைக் கேட்டாள். நான் எழுந்து ஃபேனைப் போட்டேன். "அப்பாயி, உங்களத்தான்." வசந்திக்குச் சரி என்று சொல்லியிருந்தேனே. "உங்க அப்பாவக் கேளு" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

அந்த பேங்க்காரன் இல்லை என்று எழுதிவிட்டான். நீ என்னைத் திட்டினாய். அவள் திட்டவில்லை. மறுநாள் காலை காபி டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், "அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி ரெக்கார்டிங் இருக்கு. இதே கேள்வி வரும். நான் என்ன சொல்றது அப்பாயி? எனக்கு எது நடந்துச்சுன்னே தெரியல" என்றாள். எப்போதும் அவள் அழ மாட்டாள், அன்றைக்கும் அழவில்லை, டம்ளரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கைலாசபுரம் போகிறேன் என்றாள்.

நான் சொல்லிவிட்டால் என்ன என்று நீ நினைக்கலாம். நான் சொன்னால் அது மாமியார் பேச்சு. சாயங்காலமே நீ அவளுக்குப் போன் பண்ணி, பாட்டி தன் தப்பை மறைக்கப் பேசுகிறாள் என்பாய். அவள் பாதியை நம்புவாள். பாதி நம்பிக்கையோடு அந்தப் பிள்ளை காலமெல்லாம் அலையும். அதனால் இது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இனி தயாரிப்பு. அந்தப் பையன் அவளுக்குச் சொன்னதில் பாதி உனக்கும் பொருந்தும், பாதி பொருந்தாது. டிவியை அணைத்துவிடு. அவள் முகத்தைப் பார்த்துப் பேசு, சுவரில் இருக்கிற வசந்தி படத்தைப் பார்த்துப் பேசாதே. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வராதே. ஃபேக்டரி ஷிஃப்ட்டில் இருந்து ஆரம்பிக்காதே, அந்த வருஷம் உனக்கு என்னென்ன நெருக்கடி என்று ஆரம்பிக்காதே. முதல் வாக்கியம் இதுதான்: "பரீட்சை முடியட்டும்னு சொன்னது நான்." இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் வேண்டாம். சொல்லிவிட்டு நிறுத்து. அவள் ஒன்றும் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தை நிரப்ப உனக்கு வாய் துறுதுறுக்கும். நிரப்பாதே. அப்போதுதான் உனக்கு, "உங்கம்மாவும் சரின்னுதான் சொன்னா" என்று வரும். அதை நீயாகச் சொல்லாதே. இத்தனை நாள் என்மேல் இறக்கிவைத்தாய், நான் உயிரோடு இருக்கிறேன், தாங்கினேன். செத்துப்போனவள்மேல் இறக்கிவைக்காதே. நிவியே கேட்டால் மட்டும் சொல், அதையும் வசந்தி எப்படிச் சொன்னாளோ அப்படிச் சொல்.

பிறகு அவள், "எனக்காகவா?" என்று கேட்பாள். கேட்கத்தான் செய்வாள். வசந்தி பயந்தது இதற்குத்தான். இதற்கு உன்னிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. நான் ராத்திரியெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அவள் எடுத்த மார்க்கும் படித்த படிப்பும் அந்தக் கோட்டும் அவளைச் சுடும். ஒன்று மட்டும் சொல்வேன், அவளைத் தேற்றுகிறேன் என்று எதையும் கற்றுக்கொண்டதாக முடிக்காதே. சிரிக்காதே. பக்கத்தில் உட்கார்ந்திரு. எழுந்து போகச் சொன்னாலும் அடுத்த அறைக்குப் போ, வெளியே போய்விடாதே.

இதெல்லாம் சொன்னதால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பரீட்சை முடியட்டும் என்றதை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். பிள்ளை படிப்பு என்றால் நம் மாதிரி வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தடுமாறுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் டம்ளரை விடவில்லை, விடப்போவதுமில்லை. லால்குடிக்குப் போய் வசந்தியின் அண்ணனிடமும் நீ சொல்ல வேண்டும். அது பிறகு. முதலில் மகள்.

நான் வர மாட்டேன். எதிரில் எனக்கொரு முகம் வேண்டும், நீயும் வந்து உட்காரம்மா என்று கூப்பிடாதே. முகமாக உட்கார்ந்தது போதும். அங்கே சிவப்புப் புள்ளி ஒன்றும் எரியாது என்று நினைத்து, சொன்னதை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதே. அவளுக்கு என் ஞாபகசக்திதான் வந்திருக்கிறது. நீ எந்தச் சட்டை போட்டிருந்தாய் என்பது வரைக்கும் அவளுக்கு அறுபது வயதிலும் இருக்கும்.

காலை பஸ்ஸுக்கே கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே ஒன்றும் சாப்பிடாமல்தான் கிளம்புவாள், சொன்னால் கேட்க மாட்டாள். வந்ததும் ஆரம்பித்துவிடாதே. ரெண்டு இட்லியாவது முதலில் போடு. அவள் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். சொன்ன பிறகு அவளால் சாப்பிட முடியாது.

அம்மா